டோயோசுவின் டீம்லேப் பிளானட்ஸ்: பார்வையாளரின் உடலைக் கேட்கும் கலைக்கூடம்

டோக்கியோவின் கோட்டோ வட்டாரத்து டோயோசு பகுதியில் 2018 ஜூலை 7 அன்று திறக்கப்பட்ட டீம்லேப் பிளானட்ஸ், டீம்லேப் என்ற கலைக்குழுவின் கலைக்கூடம். சில ஆண்டுகளுக்கு மட்டுமே என்று தொடங்கப்பட்டு, வரவேற்பின் காரணமாக 2027 இறுதி வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையான ஓராண்டில் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இங்கே வந்திருக்கிறார்கள். ஒரே கலைக்குழுவின் படைப்புகளுக்கென்றே அமைந்த அருங்காட்சியகங்களில் மிகுதியான வருகை பெற்றது என்று கின்னஸ் இதைப் பதிவு செய்திருக்கிறது. இவ்வளவு பேர் பார்த்துப் படமெடுத்துப் பகிர்ந்த ஓர் இடத்தின் அழகைப் பற்றி இன்னொரு முறை எழுதுவதால் பயனில்லை. ஆகவே இந்த மதிப்பீட்டில் ஒவ்வோர் அறையையும் ஒரே கேள்வியை வைத்து அளந்திருக்கிறேன். நான் அந்த அறைக்குள் நுழையாமலே இருந்திருந்தால் அங்கே என்ன மாறியிருக்கும்? பார்வையாளரும் படைப்பின் ஒரு பகுதி என்று சொல்லும் எந்தக் கலைக்கூடமும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். பிளானட்ஸின் அறைகள் சொல்லும் பதில்கள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபடுகின்றன.

நுழைந்ததும் காலணியையும் காலுறையையும் கழற்றிப் பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும். அதன்பின், ஒளி மினுங்கும் நீர் இறங்கி வரும் ஒரு சரிவில் வெறுங்காலுடன் மேலேறிச் செல்ல வேண்டியிருக்கிறது. தொழில்நுட்பத்தை எதிர்பார்த்து வருபவருக்கு முதலில் கிடைப்பது பாதத்தில் படும் நீரின் உணர்வுதான். வழக்கமான அருங்காட்சியகத்தில் கண்ணுக்கு மட்டுமே வேலை. கை பின்னால் கட்டப்பட்டிருக்கும், கால் ஓவியத்திலிருந்து ஓவியத்துக்கு நம்மைச் சுமந்து செல்வதோடு நின்றுவிடும். அந்தப் பழக்கத்தை வாசலிலேயே கலைத்துவிடுவது நல்ல திட்டமிடல் என்று கருதுகிறேன். அடுத்து வருவதைப் புரிந்துகொள்ளவும் அது உதவுகிறது.

அடுத்து வருவது மென்மையான கருந்துளை என்ற பொருள்படும் பெயர் கொண்ட அறை. தரை முழுவதும் உள்வாங்கும் மெத்தை. அடியெடுத்து வைத்தால் கால் புதைகிறது, பக்கத்தில் ஒருவர் விழுந்தால் நாம் நிற்கும் இடமும் சரிகிறது. உங்கள் உடல் இன்னோர் உடலைப் பாதிக்கும் வெளியாக மாறுகிறது என்று இந்தப் படைப்பின் துணைத்தலைப்பு சொல்கிறது. அறையில் நடப்பதும் மிகையில்லாமல் அதுவேதான். இங்கே திரை இல்லை, வந்தவரைப் பின்தொடரும் ஒளி இல்லை, கணினி கணக்கிட்டுத் தரும் பிம்பம் எதுவும் இல்லை. எடையும் தரையும் மட்டுமே இருக்கின்றன. ஆனாலும் என் கேள்விக்கு மிகத் தெளிவாகப் பதில் சொல்லும் அறை இதுதான்: நான் இல்லாவிட்டால் அந்தத் தரையின் வடிவம் வேறு, என் பக்கத்தில் நடக்கும் முதியவரின் நடையும் வேறு. முன்பின் அறியாத மனிதர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கரையேறுவதை இங்கே இயல்பாகப் பார்க்கலாம். பார்வையாளரின் செயலுக்கு மறுமொழி தரும் ஊடாட்டக் கலைக்கு வேண்டிய அடிப்படை எதுவென்று கேட்டால், செய்ததற்கு உடனடியான, மறுக்க முடியாத, மற்றவரையும் எட்டும் விளைவு இருப்பதுதான் என்பேன். அதைப் பெறக் கணினி கட்டாயமில்லை என்பதை இந்தக் குழுவினர் தங்கள் கூடத்தின் தொடக்கத்திலேயே ஒத்துக்கொண்டிருப்பது எனக்கு மதிப்பிற்குரியதாகப் படுகிறது.

இந்தக் கூடத்தின் மையம் என்று நான் கருதுவது கெண்டை மீன்கள் நீந்தும் நீரறை. முழங்கால் அளவு வரும் வெதுவெதுப்பான, பால் போன்ற வெண்ணிறத் தண்ணீரின் மேற்பரப்பில், மேலிருக்கும் புரொஜெக்டர்கள் கோய் எனப்படும் ஜப்பானியக் கெண்டைகளை வரைகின்றன. மீன்களின் பாதையை அறைக்குள் இருக்கும் மனிதர்களின் இருப்பும் மற்ற மீன்களின் இருப்பும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. அவை சென்ற தடம் கோடுகளாக நீரில் நீள்கிறது. மனித உடலில் மோதும் மீன் அந்த இடத்திலேயே பூவாகச் சிதறுகிறது. எந்தப் பூ என்பது ஆண்டின் பருவத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். முன்கூட்டியே பதிவு செய்த காணொளி எதுவும் இங்கே ஓட்டப்படுவதில்லை. நிரல் ஒவ்வொரு கணத்தையும் அந்தக் கணத்திலேயே கணக்கிட்டு வரைகிறது. ஆகையால் இப்போது கண்ட காட்சி மறுபடி ஒருபோதும் அதே வடிவில் வராது.

இங்கே மனிதருக்குக் கிடைத்திருக்கும் பங்கை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். ஒரு மீன் எங்கே பூவாக வேண்டும் என்று நான் தீர்மானிப்பதில்லை. நான் நிற்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. பூவின் நிறத்தையோ கோட்டின் தடிமனையோ நான் தேர்ந்தெடுப்பதில்லை. அவற்றை நிரலை எழுதியவர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள். அப்படியானால் நான் படைப்பாளியா? இல்லை. வெறும் பார்வையாளரா? அதுவும் இல்லை, ஏனென்றால் என் கால்கள் அங்கே இருப்பதால்தான் அந்தக் கோடு வளைந்தது. ஓர் ஆற்றின் நடுவே கிடக்கும் பாறை நீரின் போக்கை மாற்றுவதைப் போன்ற பங்கு இது: விளைவுக்குக் காரணமாக இருக்கிறோம், ஆனால் விளைவை நினைத்துச் செய்வதில்லை. இந்தப் பங்கு மனிதரைச் சிறுமைப்படுத்துகிறது என்று சிலர் வாதிடக்கூடும். நீரறையில் நின்றபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அசைவைக் குறைத்தால் மீன்கள் நம்மைச் சுற்றிக் கூடுவதும், வேகமாக நடந்தால் காட்சி கலைந்து பூக்களாக நிறைவதும் சிறிது நேரத்தில் உடலுக்கே விளங்கிவிடுகிறது. அதன்பின் எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் நிற்பது என்பதையெல்லாம் மனிதர்கள் தாமாகவே கவனத்துடன் செய்யத் தொடங்குகிறார்கள். நிரல் தராத ஒரு தேர்வு உரிமையை அவர்கள் தங்கள் பொறுமையின் மூலம் எடுத்துக்கொள்கிறார்கள்.

இந்த வகைக் கலையின் தொடக்க காலத்திலேயே இதே சிக்கல் எழுந்திருக்கிறது. அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 1969இல் க்ளோஃப்ளோ என்ற இருட்டறை ஒன்றை ஒரு குழுவினர் அமைத்தார்கள். தரையில் அழுத்தத்தை உணரும் பலகைகள், சுவர்களில் ஒளிரும் திரவம் ஓடும் குழாய்கள், பின்னணியில் கணினி. அந்தக் குழுவில் இருந்த மைரன் க்ரூகர்தான் பின்னாளில் இந்தத் துறையின் முன்னோடியாகப் போற்றப்பட்டார். அறையின் அமைதி குலையக் கூடாது, வருபவர்கள் மறுமொழியைத் தூண்டுவதற்காக அங்குமிங்கும் ஓடக் கூடாது என்பதற்காக, காலடிக்கும் அதன் விளைவுக்கும் இடையே வேண்டுமென்றே தாமதம் வைக்கப்பட்டது. அதனால் அறை தங்களுக்குப் பதில் சொல்கிறது என்பதையே பலர் உணரவில்லை. அந்த அனுபவத்திலிருந்து க்ரூகர் வந்தடைந்த முடிவு உறுதியானது: சூழல் தனக்கு எப்படிப் பதிலளிக்கிறது என்பதைப் பங்கேற்பவர் அறிந்திருக்க வேண்டும். அவர் பிறகு உருவாக்கிய வீடியோப்ளேஸ் படைப்பில் மனிதரின் நிழலுருவம் திரையில் தோன்றும். ஒரு சிறு வரைகலை உயிரி அந்த நிழலின் கையில் வந்து இறங்கும், தலைமேல் ஏறும். செயலுக்கும் விளைவுக்கும் இடையே ஐயத்துக்கே இடமில்லை.

டீம்லேப்பின் நீரறை இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சமநிலையைக் கண்டுபிடித்திருக்கிறது. மீன் மோதிப் பூவாவது உடனடியாக நிகழ்கிறது. அதில் என் பங்கு வெளிப்படை. கோடுகள் நீண்டு பின்னுவது பலரது இருப்பின் கூட்டு விளைவு. அதில் என் பங்கைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. ஒன்று நம்பிக்கை தருகிறது, மற்றொன்று அமைதி தருகிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தாமதத்தைப் புகுத்தித் தேடிய அமைதியை, இன்றைய கணிப்பு வேகத்தைக் கொண்டு வேறு வழியில் பெற்றிருக்கிறார்கள். தொழில்நுட்பம் வளர்ந்ததால் கலை எங்கே மேம்பட்டது என்று யாரேனும் கேட்டால், நான் இந்த அறையைக் காட்டுவேன்.

முடிவிலாப் படிகப் பிரபஞ்சம் என்ற அறையைப் பற்றி அவ்வளவு சொல்ல முடியவில்லை. கண்ணாடிச் சுவர்களுக்கும் கண்ணாடித் தரைக்கும் நடுவே ஒளிப்புள்ளிகள் சரஞ்சரமாகத் தொங்குகின்றன. பார்வையாளர்கள் கைப்பேசியில் ஓர் ஒளி வடிவத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் அது அறைக்குள் தோன்றுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் மனிதருக்கு அதிக அதிகாரம் தரும் அறை இதுவே, ஏனென்றால் இங்கேதான் நாம் ஒன்றைத் தெரிந்து தேர்ந்தெடுக்கிறோம். ஆயினும் கூட்டம் இருக்கும் நேரத்தில் எது என் தேர்வு, எது இன்னொருவருடையது என்று அடையாளம் காண்பது கடினம். தேர்ந்தெடுக்கும் நேரத்தில் கண் கைப்பேசித் திரையில் குனிந்திருப்பதால், சுற்றிலும் எரியும் ஒளி சற்று நேரம் நம்மை விட்டு விலகிவிடுகிறது. பட்டியலிலிருந்து ஒன்றைத் தொட்டு எடுப்பதும் படைப்பில் பங்கேற்பதும் ஒன்றல்ல. கண்ணுக்கு மிகவும் இனிய அறை. என் அளவுகோலில் மட்டும் பின்தங்குகிறது.

பெரிய பந்துகள் நிறைந்த அறையில் நிலைமை மாறுகிறது. ஆளுயரத்துக்கும் மேற்பட்ட உருண்டைகள் நிறைந்த அந்த வெளியில், ஒன்றைத் தள்ளினால் அதன் நிறம் மாறி ஓர் ஒலி எழும்; பக்கத்து உருண்டைகளும் அதே நிறத்தை ஏற்றுக்கொள்ளும். யாரோ ஒரு குழந்தை அறையின் மூலையில் தட்டியது சற்று நேரத்தில் என்னைச் சூழ்ந்த நிறமாக வந்து சேர்கிறது. அந்தக் குழந்தையை நான் பார்க்கவே இல்லை என்றாலும் அதன் துள்ளலை உணர முடிகிறது. மலர்கள் பொழியும் குவிமாட அறை இதற்கு நேர்மாறு: கண்ணாடித் தரையில் படுத்துக்கொண்டு மேலே பார்த்தால் போதும். அங்கே நாம் பழைய பார்வையாளர்களாகத் திரும்பிவிடுகிறோம். நடந்து களைத்த கால்களுக்கு அது நல்ல ஓய்வு.

2021 ஜூலையில் சேர்க்கப்பட்ட மிதக்கும் பூந்தோட்டம் தனித்த பாராட்டுக்குரியது. 13,000க்கும் மேற்பட்ட உயிருள்ள ஆர்க்கிட் செடிகள் கூரையிலிருந்து தரை வரை தொங்கவிடப்பட்டிருக்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே நுழைய வழியே இல்லாத மலர்த்திரள். மனிதர் நெருங்கும்போது அந்தப் பக்கத்துப் பூக்கள் மெல்ல மேலேறி, தலைக்கு மேல் ஒரு சிறு கூடாரம் அளவுக்கு இடம் விடுகின்றன. நகர்ந்தால் இடமும் உடன் நகர்கிறது. பின்னால் பூக்கள் இறங்கி மூடிக்கொள்கின்றன. இருவர் சந்தித்தால் இரு கூடாரங்களும் ஒன்றாகிவிடும். இயந்திரம் இங்கே எதையும் வரைவதில்லை, எதையும் ஒளிரச் செய்வதில்லை. விலகி வழிவிடுகிறது, அவ்வளவே. மனிதருக்கு மதிப்பளித்து ஒரு தோட்டம் எழுந்து நிற்கும் அனுபவம் எனக்கு இந்தக் கூடத்தின் எந்த ஒளிக்காட்சியைக் காட்டிலும் ஆழமாகப் பட்டது. ஆர்க்கிட்டுகளில் பல மண்ணில் வேரூன்றாமல் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வாழக்கூடியவை என்பதால்தான் இந்த ஏற்பாடு சாத்தியமாகிறது. அந்தத் தாவர இயல்பை அறிந்து அதன்மேல் பொறியியலைக் கட்டியிருக்கிறார்கள்.

இந்தத் தோட்டம் இன்னொரு மனிதப் பங்கையும் நினைவூட்டுகிறது. செடிகளைப் பராமரிப்பவர்களின் உழைப்பு இல்லாமல் அது நெடுநாள் தாங்காது. நீரறையின் தண்ணீரைத் தூய்மையாக வைத்திருப்பவர்கள், ஈரமான காலுடன் வெளியே வருபவரிடம் துண்டை நீட்டுபவர்கள், இருளில் தடுமாறுபவருக்குக் கைகாட்டி வழிசொல்பவர்கள் என்று பலரும் படைப்பின் தொடர்ச்சிக்குக் காரணமானவர்கள். ஊடாட்டக் கலையைப் பற்றிய பேச்சில் கலைஞர், கணினி, பார்வையாளர் ஆகிய மூவரே பெரும்பாலும் இடம்பெறுகிறார்கள். நாள்தோறும் படைப்பை உயிரோடு வைத்திருக்கும் இந்த நான்காமவர் மறக்கப்படக் கூடாது.

படைத்தவர் யார் என்ற கேள்விக்கும் இங்கே ஒற்றைப் பெயர் பதிலாகக் கிடைப்பதில்லை. 2001இல் தோஷியுகி இனோகோவும் நண்பர்களும் தொடங்கிய டீம்லேப்பில் நிரலாளர்கள், பொறியாளர்கள், அசைவூட்டக் கலைஞர்கள், கணிதவியலாளர்கள், கட்டடக் கலைஞர்கள் சேர்ந்து இயங்குகிறார்கள். படைப்புகள் குழுவின் பெயரிலேயே வெளியாகின்றன. மென்பொருள் எழுதப்படும் முறையிலேயே ஓர் ஓவியமும் எழுதப்படும்போது கையொப்பம் தனிமனிதருடையதாக இருக்க முடியாது என்பது நியாயமான நிலைப்பாடு. இருந்தும், மீன் மனிதரில் மோதிப் பூவாக வேண்டும் என்று முதலில் நினைத்தவர் யார் என்று அறியும் ஆவல் என்னைவிட்டுப் போகவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வேறு இரு படைப்புகள் உதவும். ரேண்டம் இன்டர்நேஷனல் குழுவினர் 2012இல் லண்டன் பார்பிக்கன் மையத்தில் வைத்த மழையறையில், மனிதர் நிற்கும் இடத்தில் மட்டும் மழை நின்றுவிடும். கேமராக்கள் உடலைப் பின்தொடர்ந்து அந்த இடத்துக் குழாய்களை அடைத்துவிடும். விதி ஒன்றே ஒன்றுதான், அதைக் கற்றுக்கொள்வதும் எளிது. வேகமாக நடந்தால் நனைவோம். மறுபுறம், நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியக முகப்புக் கூடத்தில் 2022 நவம்பரில் வைக்கப்பட்ட ரெஃபிக் அனடோல் என்ற கலைஞரின் படைப்பு, அந்த அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ள ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படைப்புகளின் தரவுகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட செயற்கை நுண்ணறிவின் மூலம் ஒரு மாபெரும் திரையில் ஓயாமல் உருமாறிக்கொண்டிருந்தது. கூடத்தில் இருப்பவர்களின் அசைவும் ஒலியும், வெளியே நிலவும் வானிலையும் அதற்குள் செலுத்தப்பட்டன. அங்கே மனிதர் மழையோடும் வெயிலோடும் சேர்ந்த ஒரு தரவாக இருக்கிறார். தான் கையசைத்ததால் எது மாறியது என்று அவரால் சொல்ல முடியாது. கணிக்கும் ஆற்றல் கூடக்கூட மனிதரின் பங்கும் கூடும் என்று எதிர்பார்ப்பவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். சில குழாய்களும் கேமராக்களும் கொண்ட அறையில் மனிதர் எசமானர்; பிரம்மாண்டமான நுண்ணறிவுக்கு முன் அவர் பல உள்ளீடுகளில் ஒருவர். பிளானட்ஸின் சிறந்த அறைகள், முதலாவதன் தெளிவை விட்டுவிடாமல் இரண்டாவதன் செறிவை நோக்கிச் செல்வதால்தான் எனக்கு முக்கியமானவையாகின்றன.

2025 ஜனவரியில் திறக்கப்பட்ட விரிவாக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட புதிய படைப்புகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் அழிந்துபோன விலங்குகளின் காடு என்ற பகுதியில் மீண்டும் கைப்பேசி வருகிறது, ஆனால் இம்முறை சரியான காரணத்துக்காக. சுவரில் உலவும் விலங்கைச் செயலியின் கேமரா வழியே குறிபார்த்துப் பிடித்தால் அது சுவரிலிருந்து மறைந்து நம் தொகுப்புக்கு வருகிறது. அதைப் பற்றிப் படித்துவிட்டுத் திரும்ப விடுவித்தால் மறுபடி காட்டுக்குள் செல்கிறது. பிடிப்பதற்குத் தேடவும் நெருங்கவும் நிதானிக்கவும் வேண்டியிருப்பதால், கைப்பேசி இங்கே கண்ணைச் சுவரிலிருந்து பிரிக்காமல் சுவரை நோக்கித் திருப்புகிறது. என் பிடியால் ஒரு விலங்கு அங்கிருந்து இல்லாமல் போகிறது என்பது தெளிவான விளைவு; விடுவிப்பதா வேண்டாமா என்பது உண்மையான தேர்வு. ஏறவும் குதிக்கவும் உருளவும் வைக்கும் மற்றப் பகுதிகள் சிறுவர்களுக்கு மிகவும் உகந்தவை. தாளில் வண்ணமிட்ட உருவத்தை ஸ்கேன் செய்தால் அது பெரிய திரையில் உயிர்பெற்று அலையும் பகுதியில், தன் கையால் வரைந்ததைக் கூட்டத்தின் நடுவே கண்டுபிடித்துக் கூவும் குழந்தைகளின் முகத்தைப் பார்த்தால், என் கேள்விக்கான விடையைத் தனியாக எழுத வேண்டிய தேவை இருக்காது.

செல்ல நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். யூரிகாமோமே ரயில் தடத்தின் ஷின்-டோயோசு நிலையத்திலிருந்து மிக அருகில் இருக்கிறது. டோக்கியோ மெட்ரோவின் டோயோசு நிலையத்திலிருந்தும் நடந்து வரலாம். நுழைவுச்சீட்டை நேரம் குறித்து இணையத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். கட்டணம் நாளைப் பொறுத்து மாறுகிறது. முழங்கால் வரை நீரில் இறங்க வேண்டியிருப்பதாலும் சில அறைகளின் தரை கண்ணாடியாக இருப்பதாலும் சேலை, வேட்டி, பாவாடை ஆகியவை இங்கே பொருந்தா. முழங்காலுக்கு மேல் மடித்துவிடக்கூடிய கால்சட்டையே சரி. தேவைப்படுபவர்களுக்கு அரைக்கால்சட்டை அங்கேயே தருகிறார்கள். மூட்டுவலி உள்ள பெரியவர்களை அழைத்துச் சென்றால் மெத்தை அறையில் ஒருவர் உடன் நடப்பது நல்லது.

எந்த நேரத்தில் செல்வது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கூட்டம் மிகக் குறைவான நேரத்தைத் தேடிப் பிடிக்கவே எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். ஒளிப்படத்துக்கு அது சரி. ஆனால் ஆளே இல்லாத நீரறையில் மீன்கள் பெரும்பாலும் மோதாமலே நீந்திக்கொண்டிருக்கும். பந்துகள் நிறைந்த அறையில் மறுமூலையிலிருந்து வந்துசேர நிறம் இருக்காது. பூந்தோட்டத்தில் இன்னொருவருடைய கூடாரம் நம்முடையதோடு வந்து இணையாது. ஆகவே காலையில் திறந்தவுடன் பூந்தோட்டத்தை அமைதியாகப் பார்த்துவிட்டு, ஆட்கள் ஓரளவு சேர்ந்தபின் நீரறைக்கு வருவதையே பரிந்துரைக்கிறேன். அங்கே கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, ஒரே இடத்தில் பத்து நிமிடமாவது நின்று பாருங்கள்.